ஃபில்டரில் நான் துடைத்தெறிந்த வெள்ளைப் பசை

சாதாரண ரெசிஸ்டர் போட்டாலும் சுருதி நகராது, நானே மூன்று மாதம் வாசித்துப் பார்த்துவிட்டேன் என்று நீங்கள் எழுதியது பொய். பழைய கீபோர்டுகளுக்காக நீங்கள் நடத்தும் வாட்ஸப் குழுவில், கையால் வரைந்த ஒரு சர்க்யூட் படத்துக்குக் கீழே அதை எழுதினீர்கள். அந்தப் படத்துக்கு முதலில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன் நான். படம் என் போனில் முழுசாக இறங்குவதற்கு முன்பே தூக்கிவிட்டேன். ஆகவே இந்தக் கதையில் முட்டாள் யார் என்று யாரும் தேட வேண்டாம். அது நான். அந்தப் பொய்யை ஒத்துக்கொள்வீர்களா என்பதற்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

சந்தவாசலில் எனக்குத் தகரக் கூரை போட்ட ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. டிவி, மிக்ஸி, ஆம்ப்ளிபயர், கல்யாண வீட்டு மைக் செட் என்று எது வந்தாலும் பிரிப்பேன். பிரித்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்த்தும் விடுவேன். மற்ற நேரத்தில் ஒரு பக்திப் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வாசிக்கிறேன் என்பது நான் சொல்வது. ரிதம் பேட் அடிக்கும் எங்கள் குழுத் தலைவர், "அவன் அமுக்குவாம்பா" என்றுதான் வெளியாட்களிடம் சொல்வார்.

என்னிடம் இருப்பது ஜப்பான்காரன் செய்த பழைய சிந்தசைசர் கீபோர்டு. சென்னையில் ஒரு ரிக்கார்டிங் ஸ்டுடியோவை மூடியபோது ஸ்பீக்கர் பெட்டிகளோடு சேர்ந்து பழைய சாமானாக என்னிடம் வந்தது. இரண்டு பக்கமும் மரச்சட்டம். கணினி கிணினி எதுவும் உள்ளே கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அமுக்கினால் எதை ஒலிப்பது என்று அதுவே முடிவு செய்துகொள்ளும். பாட்டுக் குழுவில் என் நிலைமையும் அதுதான் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

ஃபில்டர் என்பது ஒரு சல்லடை. பெட்டி உண்டாக்கும் கரகரத்த ஒலியில் கூர்மையான பகுதியை எவ்வளவு விடுவது, எவ்வளவு நிறுத்துவது என்பது அதன் வேலை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு குமிழ் உண்டு. அதைக் கடைசிவரை திருகினால் சல்லடையே தானாக விசில் அடிக்கத் தொடங்கும். சுத்தமான விசில். கண்ணை மூடிக் கேட்டால் புல்லாங்குழல் என்று நம்பலாம். நான் கண்ணைத் திறந்துகொண்டே நம்பினேன். ஒரே சிக்கல், அந்த விசில் கட்டைகளுக்குச் சரியாகக் கட்டுப்படாது. கீழ் ஸா சரியாக வரும். மேல் ஸாவுக்குப் போனால் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

உங்கள் படம் அதைச் சரிசெய்வதற்கானது. இரண்டு ரெசிஸ்டரை மாற்ற வேண்டும், சுருதியைச் சரிசெய்ய ஒரு சின்னத் திருகியைச் சேர்க்க வேண்டும், உள்ளே விநோதமாக ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதை எடுத்துவிட்டு எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ஒன்றைப் போட வேண்டும். அந்த விநோதமான ரெசிஸ்டர் இப்போது கிடைப்பதில்லை, அது தேவையும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கூடவே அந்த மூன்று மாதக் கதை.

பெட்டியைத் திறந்தேன். அந்த ரெசிஸ்டர் ஒரு டிரான்சிஸ்டரின் முதுகில் குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே வெள்ளைப் பசை. எனக்கு அந்தப் பசை தெரியாததல்ல. ஆம்ப்ளிபயரில் பெரிய டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே, சூடு இறங்கட்டும் என்று, வாரத்துக்கு நாலு தடவை பூசுகிறவன் நான். ஆனால் இந்தப் பயறு அளவு டிரான்சிஸ்டருக்கு என்ன சூடு வரப்போகிறது? எவனோ அரைகுறை மெக்கானிக் கைக்கு வந்ததைப் பூசி வைத்திருக்கிறான் என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். தின்னர் தொட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று ஆக்கினேன். புது ரெசிஸ்டரை டிரான்சிஸ்டரிடமிருந்து தள்ளி, நேராக, அழகாக நிற்க வைத்தேன். போட்டோ எடுத்து உங்கள் குழுவில் போட்டேன். நீங்கள் மூன்று கைதட்டல் போட்டீர்கள்.

மத்தியானம், தகரக் கூரைக்குக் கீழே, சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, போனில் சுருதி பார்க்கிற செயலியை வைத்துக்கொண்டு திருகியைத் திருப்பினேன். கீழ் ஸா, நடு ஸா, மேல் ஸா மூன்றும் முள்ளு முனையில் நின்றன. அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தில், ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு மிக்ஸியை ரிப்பேர் பண்ணாமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது டீச்சர் கதைக்கு வருகிறேன். மலைமேல் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சர். சாமையும் புளியும் விளைகிற ஊர். அவரும் அந்த ஊர்க்காரர்தான். ஊர்க் கோயிலில் முதல் பாட்டு எப்போதும் அவருடையது. ஒரு விழாவில் அவர் பாடியதைக் கேட்ட எங்கள் தலைவர், குழுவில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்காகக் கீழே இரண்டு கச்சேரியில் பாட வைத்தார். அப்போது என் பெட்டியில் நான் கை வைத்திருக்கவில்லை. இரண்டும் நன்றாக வந்தன. மூன்றாவது, தை மாதத்தில், அவர் ஊர்க் கோயிலிலேயே. தலைவர் அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"டீச்சர், இந்த ஒன்னு நல்லா வந்துட்ச்சுன்னா சித்திரைலேர்ந்து நீதான் மெயின். அப்புறம் மலைய உட்டு எறங்குறதுக்கு வேன் நம்மளுது."

டீச்சர் சிரிக்கவில்லை. "செரிணா" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு முட்டை உரிக்கும்போதுகூடப் பாடிக்கொண்டிருந்ததாக அங்கே சமைக்கிற அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

முதல் நாளே மலை ஏறிவிட்டோம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கம்பளிக்குள் படுத்தோம். பெட்டி வேனில் படுத்தது. காலை ஆறு மணிக்குக் கோயில் முன்னால் வரிசையாகப் பொங்கல் பானை. பனி மூட்டத்தில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. விரல்களைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு முதல் பாட்டை ஆரம்பித்தேன். என் விரலுக்குக் குளிரும் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் என் புத்தி போகவில்லை.

கீழே இருக்கிறவரை பிரச்சினை இல்லை. பாட்டு மேலே ஏறியதும், டீச்சர் ஒரு இடத்தில் நின்றார், என் விசில் அதைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. பலகையில் ஆணி இழுத்த மாதிரி இருந்தது. தலைவர் என்னைப் பார்த்து முறைத்தார். நான் பாட்டு முடிந்ததும் கீழ் ஸாவை அமுக்கிச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. நேற்றுதான் முள்ளு முனையில் நிறுத்தியவன் நான். ஆகவே பெட்டி சரி. பெட்டி சரியென்றால் தப்பு யார்? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. யோசிப்பதில் நான் எப்போதும் வேகம்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மைக்கிலேயே சொன்னேன். "டீச்சர், மேல ஏறும்போது சுருதி எறங்குது. பாத்து, இழுத்துப் புடிச்சுப் பாடுங்க."

மைக் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் எதையாவது ரிப்பேர் ஆக்கி வைத்திருக்கிற நான், மைக்கை மட்டும் நன்றாக வைத்திருந்தேன். பானைக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் கரண்டியோடு திரும்பினார்கள். யாரோ ஒருத்தி, "நம்ம டீச்சருக்கா சுருதி இல்ல?" என்றாள். டீச்சர் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த பாட்டைப் பாதிக் குரலில் பாடினார். மேலே ஏறவேண்டிய இடத்தில் கீழேயே சுற்றி வந்தார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒன்பது மணிக்கு வெயில் மேடைக்கு வந்து நேராக என் பெட்டிமேல் விழுந்தது. கடைசியாக, முதலில் பாடிய பாட்டையே இன்னொரு முறை கேட்டார்கள். இந்த முறை விசிலும் குரலும் ஒன்றாக நின்றன. நான் மறுபடி மைக்கில், "பாத்தீங்களா, சொன்ன ஒடனே செரியாய்ட்ச்சு" என்றேன். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

வேனில் இறங்கும்போது தலைவர் முடிவைச் சொன்னார். "குரல் நல்லாக்கீது. ஆனா மேல நிக்கல. வேற ஆள் பாப்போம்." நான் தலையாட்டினேன். சித்திரைக்குப் போளூரிலிருந்து ஒரு பெண்ணைப் பேசினார்கள். கலசப்பாக்கத்தில் மத்தியான அன்னதானத்துக்கு அந்தப் பெண்ணோடு வாசித்தேன். வெயில் கொளுத்தியது. ஒரு சுரம் பிசகவில்லை. என் காதைப் பற்றி எனக்கிருந்த மரியாதை இன்னும் கூடியது.

மாசியில் ஒரு நாள் டீச்சர் கடைக்கு வந்தார். வணக்கம் எதுவும் இல்லை. போனை மேசைமேல் வைத்தார்.

"ணா, இத கேளுங்க. எங்க தங்கச்சி புடிச்சது. மொதப் பாட்டு, கடைசிப் பாட்டு. ரெண்டும் ஒரே பாட்டு."

கேட்டேன். "இதான் நான் அன்னிக்கே சொன்னேனே டீச்சர். மொதல்ல எறங்கி இருக்கீங்க, அப்புறம் செரி பண்ணிக்கினீங்க."

"கோயில் மணி அடிக்குது பாருங்க, ரெண்டு பாட்டுலயும். அத கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மறுபடி ஓட்டினார். மணி அடிக்கிறது, அவர் குரல் மணியோடு போய் ஒட்டுகிறது. கடைசிப் பாட்டிலும் அதே மணி, அதே இடத்தில் ஒட்டுகிறது. என் விசில் மட்டும் முதல் பாட்டில் ஒரு இடத்தில், கடைசிப் பாட்டில் வேறு இடத்தில்.

"மணி காலைல ஒரு மாதிரி, ஒம்போது மணிக்கு ஒரு மாதிரி அடிக்குமாணா? நானும் மாறல. உங்க பொட்டிதான் எங்கியோ ஏறிப்போய் குந்தினு அப்புறம் எறங்கி வந்துச்சு."

"பொட்டில தப்பே இல்ல டீச்சர். இங்க பாருங்க" என்று வாசித்துக் காட்டினேன். தகரக் கூரைக்குக் கீழே அது முள்ளு முனையில் நின்றது.

"இங்க இன்னாத்துக்கு வாசிக்கிறீங்க? தப்பு மேலதானே நடந்துச்சு. மேல எடுத்துனு வாங்க. காலைல."

அவர் தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான் போனேன். அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு மரச்சட்டம் வயிற்றில் இடிக்க. கண்டக்டர், "இன்னா சார், பொணப்பொட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கு அது எனக்குக் கோபமாக வந்தது.

அங்கன்வாடியில் இன்னும் பிள்ளைகள் வரவில்லை. தரையின் குளிர் பாதத்தில் குத்தியது. பிளக் போட்டேன். கீழ் ஸா சரி. "பாத்தீங்களா" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே மேல் ஸாவை அமுக்கினேன். போனில் முள், சுருதி ஏறிவிட்டது என்று, வலப்பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. திறந்த வாயை அப்படியே வைத்திருந்தேன்.

மூடியைக் கழற்றினேன். மேல் ஸாவை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, குனிந்து அந்தப் பயறு அளவு டிரான்சிஸ்டர்மேல் வாயால் ஆவி விட்டேன். விசில் சரசரவென்று கீழே இறங்கியது. நிறுத்தினேன், மெதுவாக ஏறியது. மறுபடி ஊதினேன். மறுபடி இறங்கியது. அடுப்புக்குக் காற்று ஊதுகிறவன் மாதிரி நான் உட்கார்ந்து ஊத, பெட்டி அழுதுகொண்டே இறங்கி ஏறியது.

முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, பொட்டிக்கு சளியா? சுக்குத் தண்ணி வெக்கட்டா?"

பெட்டியைத் தூக்கி அவருடைய அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மேல் ஸா தன் இடத்துக்கு வந்து நின்றது. முட்டையும் வெந்துவிட்டது.

அப்போதுதான் புரிந்தது. பசை சூட்டை இறக்குவதற்குப் பூசியதல்ல. டிரான்சிஸ்டருக்குக் குளிர்ந்தால் ரெசிஸ்டருக்கும் குளிர வேண்டும், அதற்குச் சூடு வந்தால் இதற்கும் வர வேண்டும். இரண்டும் ஒரே கம்பளிக்குள் படுத்தால்தான் ஒன்றின் தடுமாற்றத்தை மற்றது சரிக்கட்டும். அந்த விநோதமான ரெசிஸ்டர் அதற்கென்றே செய்தது. இல்லாவிட்டால் குளிரில் சுரங்களுக்கு நடுவே இடைவெளி விரியும். கீழ் ஸா கிட்டத்தட்ட அங்கேயே இருக்கும், மேலே போகப்போக அதிகமாக ஏறும். பாடுகிறவர் இறங்குவதாகத்தான் கேட்கும். ஜப்பானில் எவனோ ஒருவன் பனிக்காலத்தை நினைத்து, பொறுமையாகப் பூசி அனுப்பியிருக்கிறான். நான் அவனை அரைகுறை என்று சொல்லி, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன்.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குணா? மைக்குல சொன்னீங்க. மைக்குலயே எடுங்க."

அது அவருடைய வீம்பு என்று நினைத்தேன். இல்லை. கோயில் முன்னால் ஒருவரைப் பற்றிச் சொன்ன குறையை அதே இடத்தில், ஊர் கூடியிருக்கும்போது, சொன்னவரே வந்து எடுக்க வேண்டும். அதுவரை அவர் அங்கே முதல் பாட்டுப் பாடுவதில்லை. அந்த ஊரில் அப்படித்தான். தை மாதத்திலிருந்து டீச்சர் அந்தக் கோயிலில் வாயே திறக்கவில்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. ஊர்த் தலைவர் சொன்னார், சாதாரணமாக, பஸ் நேரம் சொல்வது மாதிரி.

பங்குனியில் கோயில் முன்னால் ஊர் கூடியபோது என் சொந்த மைக் செட்டையே கொண்டுபோனேன். ரெசிஸ்டர், பசை, குளிர் என்று விளக்க ஆரம்பித்தேன். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. கடைசியில், "தப்பு டீச்சர் மேல இல்ல. பொட்டி மேல. பொட்டிய அப்படி ஆக்கினது நான்" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப பொட்டிக்குக் குளிரு, நீ எங்க டீச்சர திட்னியா?"

"ஆமாங்க."

"அடுத்த தபா அதுக்கொரு ஸ்வெட்டர் போட்டுனு வாய்யா."

ஊரே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அன்றைக்கு முதல் பாட்டு அவர்தான் பாடினார். மேலே போய் நின்ற இடத்தில் கோயில் மணி அடித்தது. நான் பெட்டியைத் திறக்கவில்லை.

கோயில் பாட்டு அவருக்குத் திரும்பிவிட்டது. பாட்டுக் குழுவில் இடம் திரும்பவில்லை. தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போனை எடுத்தார். அவரும் உங்கள் வாட்ஸப் குழுவில் இருக்கிறார். உங்கள் வரியை எனக்கே படித்துக் காட்டினார்.

"இன்னாபா, சுருதி நகராதுன்னு தெளிவா போட்டுக்கீறாரு. மூணு மாசம் வாசிச்சவரு அவரு. நீ அந்தம்மா பாவம்னு கத கட்டுற. அவரு சொல்லட்டும், நான் டீச்சர எடுத்துக்கிறேன்."

"நீங்க ஒரு நாள் காலைல மேல வந்து உங்க காதால கேளுங்கண்ணா."

"அந்தக் குளிர்ல எவன்யா வருவான்?"

உங்கள் குழுவில் கேட்டேன். என் கேள்வியை அழித்தீர்கள். மறுபடி கேட்டேன். மறுபடி அழித்தீர்கள். பிறகு தனியாக எனக்கு மட்டும், "தம்பி, உங்க சோல்டரிங் சரியில்லாம இருக்கும்" என்று எழுதி, கும்பிடு பொம்மை ஒன்று போட்டீர்கள். என் சோல்டரிங் மோசம்தான். அதை ஊர் முழுக்க ஒத்துக்கொள்ள நான் தயார். மைக்கும் என்னிடமே இருக்கிறது. ஆனால் கழற்றிய பழைய ரெசிஸ்டரைக் குப்பை டப்பாவில் தேடியெடுத்து, பசை பூசி, டிரான்சிஸ்டர் முதுகில் திரும்ப ஏற்றிவிட்டேன். அதே மோசமான சோல்டரிங்தான். அதே அங்கன்வாடியில், அதே குளிரில், மேல் ஸா நின்ற இடத்தில் நிற்கிறது.

போளூர்ப் பெண்ணுக்குப் பரீட்சை இருப்பதால் சித்திரையில் வரமுடியாதாம். தலைவர் வேறு ஆள் தேடுகிறார். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. டீச்சர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் உங்களிடம் கேட்கிறேன். அந்தப் படத்தில் இருப்பதை உங்கள் பெட்டியில் ஒரு தடவையாவது செய்து பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் எந்த ஊரில், எந்த மாதத்தில்? பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். எனக்குத் தனியாக வேண்டாம், போன் வேண்டாம், கும்பிடு பொம்மை வேண்டாம். குழுவில், அந்தப் படத்துக்கு நேர் கீழே, எங்கள் தலைவர் படிக்கிற இடத்தில் பதில் போடுங்கள்.